கால்வாய்க்கரை ஓரமாவே பழவேற்காடு வரைக்கும் கிராவல் சைக்கிள்ல போலாமா? வடசென்னை ஆளுங்க சொல்லுங்கப்பா

தண்டையார்பேட்டை டைனமோ
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட்ஸ்ல ஒரு கிராவல் பைக், அதான் மண்ரோட்டுலயும் ஓட்ற மாதிரி அகல டயர் போட்ட சைக்கிளு, எடுத்துகீறேன், 40 எம்எம் டயரு, டிஸ்க் பிரேக், முன்னாடி ஒரே பல்சக்கரம். இத்த எடுத்துகினு ஈசிஆர் போறதுன்னா மொதல்ல மெட்ராஸ் முழுக்க தாண்டணும், அப்புறம் அங்க இருக்குற கும்பல்ல முட்டிமோதணும், பேஜாரா கீது. பிரான்ஸ்ல கனால் டு மிடின்னு ஒரு கால்வாய் இருக்குதே, துலூஸ்லேர்ந்து மத்தியதரைக்கடல் பக்கம் வரைக்கும் 240 கிமீ, 1681-ல தொறந்தது, அதோட கரையில இன்னிக்கும் ஜனம் சைக்கிள்ல போய்கினு கீது. நம்ம வூட்டாண்டயே பக்கிங்காம் கால்வாய் ஓடுது. மேப்ல பாத்தா எண்ணூரு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரைக்கும் ஒரே நீலக்கோடு. கரை மேலயே போனா போய்டலாமா? யாராச்சும் ட்ரை பண்ணிகீறீங்களா?

கொருக்குப்பேட்டை பெடல்
தலைவா, மேப்ல நீலக்கோடு, நேர்ல கறுப்புக்கோடு. பேசின் பிரிட்ஜ்லேர்ந்து எர்ணாவூர் வரைக்கும் கரைன்னு நீ நெனைக்கிற எடத்துல வூடு கீது, செவுரு கீது, குப்பை கீது, நடுநடுல கொஞ்சம் தண்ணி மாதிரி ஒன்னு கீது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படிஞ்சுதே, மீன்புடிக்கிற ஜனத்தோட படகு வலையெல்லாம் நாறிப்போச்சு, அந்த எடம்தான் உன் நீலக்கோடு. சைக்கிள் ஓட்டணும்னா எண்ணூர் தாண்டி யோசி. அதுக்கப்புறமும் சாம்பலு, கன்டெய்னர் லாரி. நெஞ்சு பத்திரம்.

ராயபுரம் ரன்னர்
நல்ல ரோட்டை வுட்டுட்டு மண்ணுல போறதுக்கு எதுக்குப்பா அவ்ளோ காசு குடுத்து தனி சைக்கிளு? என் ரோடு பைக்ல 28 எம்எம் டயர் போட்டு எல்லாத்துலயும் போறேன்.

படகுத்துறை
பெடல் தம்பி சொல்றது சரிதான், ஆனா அந்தக் கால்வாயை அவ்ளோ கேவலமா பேசாதீங்க. 1806-ல காக்ரேன்னு ஒரு வெள்ளைக்காரன் எண்ணூர் பக்கமா வெட்ட ஆரம்பிச்சது அது, காக்ரேன் கால்வாய்னுதான் அப்போ பேரு. அப்புறம் வடக்கால ஆந்திரா பக்கம் வரைக்கும் நீட்டினாங்க. தாது வருஷப் பஞ்சம் வந்துச்சே, அப்போ 1877-78-ல சோத்துக்கு வழியில்லாத ஜனங்களை வச்சு கூலி குடுத்து அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவுல இருந்த எடத்தை வெட்டி இணைச்சாங்க, அதுக்கு அப்புறம்தான் கவர்னர் பக்கிங்காம் பிரபு பேரை வச்சது. எங்க அப்பா காலத்துல ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து வெறகு, வழியில உப்பு, கிளிஞ்சல் எல்லாம் படகுலதான் வரும். காத்து இல்லைன்னா பாய் வேலைக்காவாது, ஆளு கரையில எறங்கி கயிறு கட்டி இழுத்துகினு நடப்பான். அப்படி நடக்கறதுக்குத்தான் கரையையே வுட்டு வச்சாங்க. 60-கள்ல அடிச்ச புயல்ல கால்வாய் நாசமாச்சு, லாரி வந்துடுச்சு, கரையை யாரும் கேக்கல. டைனமோ தம்பி கேட்டது ஒன்னும் பைத்தியக்காரத்தனம் இல்ல, ஒரு அம்பது அறுவது வருஷம் லேட்டு, அவ்ளோதான்.

தண்டையார்பேட்டை டைனமோ
ஐயா சூப்பர். இதெல்லாம் தெரியவே தெரியாது. அப்போ கால்வாய் ஆசையை வுட்ற வேண்டியதுதானா?

மீஞ்சூர்காரன்
ஆசையை வுடாதீங்க, கால்வாயை மாத்துங்க. நம்ம பக்கம் வண்டி ஓட்ற மாதிரி மண்கரைன்னா அது ஆத்துக்கரையும் ஏரிக்கரையும் அணைக்கட்டுலேர்ந்து ஏரிக்குப் போற வரத்துக் கால்வாயும்தான், பக்கிங்காம் இல்ல. கொசஸ்தலை ஆறு இருக்கே, பூண்டிலேர்ந்து கெளம்பி தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, காரனோடை பாலம், வல்லூர் அணைக்கட்டுன்னு வந்து எண்ணூர்ல கடல்ல சேருது, இதுல காரனோடைக்கும் வல்லூருக்கும் நடுவுல கரை பல எடத்துல டிராக்டர் போற அகலத்துக்கு இருக்கும், செம்மண்ணும் சவுடும் கொட்டி மட்டம் பண்ணது, நடுவுல புல்லு, ரெண்டு பக்கம் டயர் தடம். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் நெல்லு, நடுவுல பனைமரம். மீஞ்சூர் ஸ்டேஷன்ல எறங்கி சீமாவரம் பக்கமா கரை ஏறுங்க. மேற்கால போயிட்டே இருந்தா அருமந்தை, ஞாயிறு கிராமத்துக்கெல்லாம் பிரியுற வழி வரும், ஞாயிறுல சூரியன் கோயில் இருக்கு, பக்கத்துல டீ கெடைக்கும். கரை முழுக்க ஒரே சீரா இருக்கும்னு நெனச்சுடாதீங்க, சில எடத்துல முள்ளு மூடி கெடக்கும், அங்க எறங்கி ஊர் ரோட்டுல ஒரு கிமீ போயிட்டு மறுபடி ஏறணும். அது தொந்தரவு இல்ல, அதுதான் இந்த மாதிரி ஓட்றதுல ருசியே, எங்க வழி முடியுதுன்னு மேப்புக்கே தெரியாது.

ஒரே ஒரு கண்டிஷன், ஐப்பசி கார்த்திகைல வராதீங்க. பூண்டில ஷட்டர் தொறந்தா வெள்ளிவாயல், நாப்பாளையம், மணலி புதுநகர் வரைக்கும் எச்சரிக்கை விடுவாங்க, தரைப்பாலம் எல்லாம் முழுகிடும். முழங்கால் தண்ணிதானேன்னு சைக்கிளை தோள்ல போட்டுகினு எறங்குற வீரனுங்களை பாத்திருக்கேன். தரைப்பாலத்துல முழங்கால் தண்ணி ஓடுனா அது ஆளையே இழுக்கும், வேணாம்.

ராயபுரம் ரன்னர்
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல :)

மாதவரம் மிதிவண்டி
நான் சொல்றேன் ரன்னர். 28 டயர்ல காய்ஞ்ச கரையில போலாம், யாரும் புடிச்சு வெக்கல. ஆனா 28-க்கு காத்து எழுவது எம்பது பிஎஸ்ஐ அடிக்கணும், அந்த அழுத்தத்துல ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டுல தெரியும், மணல் வந்தா முன்சக்கரம் புதையும். 40 டயர்ல காத்து முன்னாடி 35 பின்னாடி 40 பிஎஸ்ஐ வச்சா (நான் ட்யூப் போட்டுதான் ஓட்றேன், என் எடை அறுவது கிலோவுக்கு மேல) டயரே அமுங்கி குடுக்கும். இன்னும் கொறைச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் மாட்டி ரெண்டு ஓட்டை விழும். கிராவல் பைக்னு தனியா ஒன்னு வேணுமான்னா, டயர் அகலமும் டிஸ்க் பிரேக்கும்தான் விஷயம், மத்தது விளம்பரம். ஷிமானோ கம்பெனிக்காரன் 2019-ல ஜிஆர்எக்ஸ்னு இதுக்கே ஒரு கியர் செட் விட்டான், நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம பொன்னேரி பக்கம் ஏத்தம்னு இருக்கறது ஏரிக்கரை ஏறுற பத்தடிதான்.

படகுத்துறை
பால்காரர் சைக்கிள் டயரை என்னிக்காச்சும் குனிஞ்சு பாத்திருக்கீங்களா. 28க்கு ஒன்றரை இஞ்ச்ன்னு நாம சொல்ற அந்த டயர் ஓரத்துல 40-635ன்னு அச்சடிச்சிருக்கும். 40ங்கறது அகலம், எம்எம்ல. உங்க கிராவல் டயரும் அதே 40. அவரு ரெண்டு பக்கமும் கேன் மாட்டிகினு வரப்பு ஓரமா வந்துட்டு தான் இருக்காரு, கம்பெனிக்காரன் இப்பதான் கண்டுபுடிச்சிருக்கான்.

கொருக்குப்பேட்டை பெடல்
ஐயா வேற லெவல் 😂 ரன்னர் போய் அட்லஸ் வாங்கு

மீஞ்சூர்காரன்
ஐயா சொன்னதுல ஒன்னு சேத்துக்குறேன், அகலம் ஒன்னுதான், விட்டம் வேற. அது 635, கிராவல்ல போட்றது 622, சின்னது. அவசரத்துக்கு ஊர்க்கடையில அந்த டயரை வாங்கி மாட்டலாம்னு நெனைக்காதீங்க, உக்காராது.

வல்லூர் வாத்தியார்
முள்ளு பத்தி யாரும் பேசலையே. சீமைக்கருவேலம். கரை ரெண்டு பக்கமும் அதான். வெட்டி போட்ட கிளை காய்ஞ்சு வழியில கெடக்கும், அந்த முள்ளு டயரை மட்டும் இல்ல செருப்பையும் தாண்டும். ட்யூப்லெஸ் மாத்திக்குங்க, உள்ள சீலன்ட் ஊத்தினா முள்ளு ஏறுன ஓட்டையை அதுவே அடைச்சுக்கும். ஒரே குறை நம்ம வெய்யிலுக்கு சீலன்ட் சீக்கிரம் காய்ஞ்சு ரப்பர் உருண்டையாயிடும், அப்பப்ப தொறந்து பாத்து ஊத்தணும். முள்ளு ஏறினா உடனே புடுங்காதீங்க, புடுங்கினா மொத்த காத்தும் போயிடும், ட்யூப்லெஸ்ஸுன்னா சக்கரத்தை சுத்தி முள்ளு கீழ் பக்கம் வர மாதிரி வச்சு அப்புறம் எடுங்க, சீலன்ட் அங்க வந்து தேங்கும்.

மாதவரம் மிதிவண்டி
ட்யூப்லெஸ் நல்லதுதான் வாத்தியாரே, ஆனா நடுக்காட்டுல டயர் ஓரம் கிழிஞ்சா அந்த சீலன்ட் பிசுபிசுப்போட ட்யூப் மாத்துற கொடுமையை யாரும் வீடியோல காட்ட மாட்டாங்க. எப்படியும் ஒரு ட்யூப் கையில இருக்கணும்.

ஆரணியாத்துக்கரை
நானு பொன்னேரி பக்கம் விவசாயம். சைக்கிள்லாம் ஓட்றது இல்ல, தம்பி பையன் இந்த இழையை காட்டினான், அதான் எழுதறேன். வாங்க, நல்லா வாங்க, யாரும் வேணான்னு சொல்ல மாட்டோம். ஆனா கரை வேற, வரப்பு வேற, அது தெரிஞ்சுகினு வாங்க. ஆத்துக்கரை, ஏரிக்கரை, வாய்க்கா கரை பொதுவு. வரப்பு எங்களுது. நடவு சமயத்துல அண்டை வெட்டி சேறு பூசி வழவழன்னு வச்சிருப்போம், தண்ணி வெளிய போவாம நிக்கறதே அந்த பூச்சுல தான், அதுல ஒரு சக்கரம் ஏறுனா பள்ளம் விழுந்து ராத்திரியோட ராத்திரி பக்கத்து கழனிக்கு தண்ணி எறங்கிடும், காலைல எங்களுக்குள்ள சண்டை. ஓட்றவருக்கு ஒன்னும் தெரியாது, போயிட்டிருப்பாரு.

எங்க ஏரியால மூணு பட்டம். சொர்ணவாரி சித்திரை வைகாசில போட்டு ஆவணி வாக்குல அறுப்பு, அப்புறம் சம்பா, அது அறுத்து தை மாசம், பின்னாடியே நவரை. சம்பா அறுப்புல பெல்ட் வண்டி, அதான் அறுப்பு மிஷினு, எறங்கும், ஈரம் காயறதுக்கு முன்னாடி அது கரை ஏறி போச்சுன்னா முழங்கை ஆழத்துக்கு தடம் விழும், ஒரு வாரம் வெய்யில் அடிச்சா அந்த தடம் கல்லாட்டம் இறுகிடும். சைக்கிள் சக்கரம் அதுக்குள்ள எறங்குனா வெளிய வர முடியாது, மூக்கு உடையும். அதனால தை மாசம் வந்தீங்கன்னா கரையோட நடுப்புல்லு மேல ஓட்டுங்க. இன்னொன்னு, அந்த சமயத்துல ரோட்டுல நெல்லு காயும். களம் இல்ல, என்னா பண்றது. ரோட்டுல பாதி நெல்லு பாதி வழி இருக்கும், வழி இருக்கற பக்கம் போங்க. நெல்லு மேல ஏத்திட்டு சாரின்னு சொல்ற ஆளுங்க கிட்ட எங்க வூட்டு பொம்பளைங்க என்னா பேசுவாங்கன்னு இங்க எழுத முடியாது.

மதகு ஷட்டரை நோண்டாதீங்க. போட்டோ எடுக்க மோட்டார் கொட்டா மேல ஏறாதீங்க. ஆடு கூட்டமா வந்தா எறங்கி நில்லுங்க, மணி அடிச்சா ஆடு செதறும், கருவேலங்காட்டுக்குள்ள பூந்த ஆட்டை நீங்களா புடிச்சு தருவீங்க? மத்தபடி தண்ணி வேணும்னா கேளுங்க, மோட்டார் ஓடுச்சுன்னா குளிக்க கூட செய்யலாம்.

தண்டையார்பேட்டை டைனமோ
அண்ணே, இதுதான் வேணும். ரொம்ப நன்றி. வரப்பு விஷயம் எங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்றேன்.

கொருக்குப்பேட்டை பெடல்
அண்ணே களிமண்ணு பத்தி சொல்லுங்க, மழை பேஞ்ச மறுநாள் வரலாமா

ஆரணியாத்துக்கரை
வராதீங்க தம்பி. எங்க மண்ணு சக்கரத்துல அப்புனா ப்ரேக்காண்ட அடைச்சு சக்கரமே சுத்தாது, தூக்கிகினு நடக்கணும். செம்மண்ணு மேடு கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கு, அங்க ரெண்டு நாள்ல காயும். இங்க ஒரு வாரம் ஆவும்.

ராயபுரம் ரன்னர்
பெர்மிஷன் விஷயம் என்ன? நீர்வளத்துறை போர்டு வச்சிருக்கானே, அத்துமீறி நுழையக்கூடாதுன்னு. புழல் ஏரிக்கரை மேல ஏற விடுவாங்களா?

மாதவரம் மிதிவண்டி
புழல், சோழவரம் ரெண்டும் மெட்ராசுக்கு குடிதண்ணி. 1872-லேர்ந்து செங்குன்றம் ஏரி, அதாவது இந்தப் புழல் தண்ணியைத்தான் ஊர் குடிக்குது. அந்தக் கரையில சைக்கிள் ஓட்ட விடலைன்னா அது நியாயம், நான் அங்க முயற்சி பண்றதே இல்ல. போர்டு இருந்தா திரும்பிடுங்க. போர்டு இல்லாத வாய்க்கா கரையில லஸ்கர் யாராச்சும் இருந்தா நின்னு வணக்கம் வச்சு கேளுங்க, ஷட்டர் ஏத்தி எறக்குற அந்த ஆளுக்குத்தான் எந்தக் கரை ஒடைஞ்சிருக்கு, எங்க தண்ணி தொறக்கப் போறாங்கன்னு தெரியும், ஆபீசருக்கு தெரியாது.

எனக்கு புடிச்சது மேற்கு பக்கம். வெங்கல், தாமரைப்பாக்கம் வழியா போயி ஊத்துக்கோட்டை. ஆந்திரால இருக்குற கண்டலேறு அணைலேர்ந்து வர்ற கிருஷ்ணா கால்வாய் அங்கதான் தமிழ்நாட்டுக்குள்ள வருது, ஜீரோ பாயின்ட்னு சொல்வாங்க, அங்கேர்ந்து பூண்டி ஏரி வரைக்கும் 25 கிமீ. 1983-ல ஒப்பந்தம் போட்டு 1996-ல தான் மொதத் தண்ணி வந்துச்சு. கால்வாய் பக்கத்துலயே வழி இருக்கு, சுத்தி மல்லி, கத்திரி, வேர்க்கடலை, தர்பூசணின்னு மாசத்துக்கு ஒன்னு. நெல்லு மட்டும் பாத்து போரடிச்சவங்களுக்கு இந்த பக்கம்தான். ஆனா அது சிமென்ட் சரிவு போட்ட கால்வாய், தண்ணி ஓடும்போது உள்ள விழுந்தா பாசி வழுக்கும், புடிச்சு ஏற ஒன்னும் இருக்காது. நீச்சல் தெரிஞ்சவங்களும் போயிருக்காங்க. கரை ஓரத்துல ஜோடியா பேசிகிட்டு ஓட்டாதீங்க, இருட்டுனப்புறம் வேணவே வேணாம்.

இன்னொன்னு பொண்ணுங்களுக்கு. ஏரிக்கரைன்னா சாயங்காலம் குடிக்கிற கூட்டம் இருக்கும். நான் விடிஞ்சதும் போயி ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடுவேன், ரெண்டு மூணு பேராவே போவேன். பாத்ரூம்னா பெரியபாளையம் பவானியம்மன் கோயில் பக்கம், இல்லைன்னா பெட்ரோல் பங்க். இதை எந்த ரூட் மேப்லயும் போட மாட்டேங்கறாங்க, கொண்டை ஊசி வளைவு மட்டும் போடுவாங்க, நம்ம ஊர்ல இல்லாத வளைவு.

வடபெரும்பாக்கம் வசூல்
அக்கா நாய்?

மாதவரம் மிதிவண்டி
எறங்கி சைக்கிளை நடுவுல வச்சு நட. மெரட்டி வேகமா ஓட்டினா தொரத்தும்.

வல்லூர் வாத்தியார்
மாதவரம் அம்மா சொன்ன ரூட்டுக்கு ஒரு காத்து கணக்கு. வெய்யில் காலத்துல மதியம் வாக்குல கடல்காத்து கெழக்கேர்ந்து உள்ள வரும். காலைல மேற்கால ஊத்துக்கோட்டை போயிட்டு பத்து பதினொன்னுக்கு மேல திரும்பினா மூஞ்சிக்கு நேரா காத்து, தலைக்கு மேல வெய்யிலு, ஆத்துக்கரையில நெழலும் கெடையாது, பனைமரம் நெழலா குடுக்கும்? அதனால வண்டியில ஏத்திகினு போயி தூரத்துல ஆரம்பிச்சு காத்து கெளம்பறதுக்கு முன்னாடி வூட்டுக்கு வர மாதிரி ஓட்றது உத்தமம்.

தண்டையார்பேட்டை டைனமோ
அப்போ நம்ம கும்மிடிப்பூண்டி லைன் ரயிலு. கொருக்குப்பேட்டைலயோ தண்டையார்பேட்டைலயோ ஏறி பொன்னேரில எறங்கலாம். சைக்கிள் ஏத்த வுடுவாங்களா?

மீஞ்சூர்காரன்
கவுன்டர்ல லக்கேஜ் கேட்டு சீட்டு வாங்கிக்குங்க, வெண்டார் பெட்டில ஏறுங்க, ஞாயித்துக்கிழமை விடிகாலை. மீன்கூடை ஏத்தறவங்க வந்தா அவங்களுக்கு எடம் விட்டுட்டு நாம ஓரமா நிக்கணும், அவங்களுக்கு பொழைப்பு, நமக்கு பொழுதுபோக்கு.

பொன்னேரிலேர்ந்து பழவேற்காடு தார் ரோட்லயே போனா ஒரு 20 கிமீ சொச்சம். ஆனா நேரா போவாம தத்தைமஞ்சி, காட்டூர் ஏரிப்பக்கம் உள்ள பூந்து வாய்க்கா கரை, ஊர் மண்ரோடுன்னு போங்க, தூரம் ஏறும், லாரி எறங்கும். மீஞ்சூர்லேர்ந்து காட்டுப்பள்ளி போற துறைமுக ரோட்டை மட்டும் தொடாதீங்க, கன்டெய்னர் ஓட்டறவருக்கு நீங்க கண்ணுலயே படமாட்டீங்க. பழவேற்காடு போனா டச்சுக்காரன் கல்லறை பாருங்க, வாசல்லயே ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வச்சிருப்பான். கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும் ஏரில பூநாரை நிக்கும். ட்ரோன் வுடாதீங்க, கூட்டமா பறந்துடும்.

ராயபுரம் ரன்னர்
சரி, ஒத்துக்கறேன், வரேன். ஆனா ரேஸ் மாதிரி யாரும் இழுக்கக் கூடாது.

கொருக்குப்பேட்டை பெடல்
இழுக்கறதுக்கு இன்னா இது அன்பவுண்ட் ரேஸா? அமெரிக்கால கேன்சஸ்ல 200 மைல் மண்ரோட்டுல ஓட்றானுங்க, அங்க கல்லு பிளேடு மாதிரி டயரை அறுக்குமாம். 2022-ல இத்தாலில மொத கிராவல் உலக சாம்பியன்ஷிப்பே வச்சானுங்க. நம்ம ரேஸ் பழவேற்காட்டுல நண்டு தீர்றதுக்குள்ள போய் சேர்றது.

ஆரணியாத்துக்கரை
எங்க ஊர் வழியா வந்தா ஒரு நாள் முன்னாடி இங்க எழுதுங்க. இப்போ நவரை நடவு நடந்துகினு கீது, எந்த வாய்க்கா கரையில டிராக்டர் நிக்குது, எதுல போலாம்னு சொல்றேன்.

தண்டையார்பேட்டை டைனமோ
கண்டிப்பா அண்ணே. கடைசியா ஒரு டவுட்டு, வழியில காத்து எறங்குனா பொன்னேரி பஞ்சர் கடையில அடிச்சுக்கலாம்ல?

வல்லூர் வாத்தியார்
உன் ட்யூப்ல மூக்கு சன்னமா, நுனில திருகாணியோட இருக்கா? அப்படின்னா அது பிரெஸ்டா வால்வு, கடை பம்ப்பு அதுல நிக்காது. பித்தளை அடாப்டர்னு சின்னதா ஒன்னு சைக்கிள் கடையில கெடைக்கும், அத்த வால்வு மேல திருகிட்டா பைக்குக்கு அடிக்கிற பம்ப்புலயே அடிக்கலாம். ரெண்டு வாங்கி வை. பஞ்சர் கடைக்காரர் பழக்கத்துல நூறு அடிச்சுடுவாரு, 40-ன்னு மொதல்லயே சொல்லிடு.

தண்டையார்பேட்டை டைனமோ
சரி சார். இன்னிக்கே வாங்கிட்றேன். யாரு யாரு வரீங்கன்னு கீழ போடுங்க.

வடபெரும்பாக்கம் வசூல்
நானு. ஹீரோ ரேஞ்சர் தான் கீது, பரவால்லியா?

படகுத்துறை
வா தம்பி, அது போதும்.